கிராயன்பெர்க் மேட்டில் பதினோரு வாய்கள்

வாயை ஒழுங்காக வரைந்துவிட்டால் மனிதன் தானாக வந்துவிடுவான் என்பது லீவனின் கட்சி. சைக்கிள் பந்தயக்காரர்களை வரைகிறவர்கள் சக்கரத்தில்தான் ஆரம்பிப்பார்கள். வட்டம் போட்டு, கம்பி கம்பியாக இழுத்து, அது சரியாக வந்ததா என்று தள்ளி நின்று பார்ப்பார்கள். லீவனின் படத்தில் சக்கரங்கள் இரண்டும் பட்டாணிக் கடலை அளவில் கீழே எங்கேயோ கிடக்கும். மேலே முக்கால்வாசி அட்டையை அடைத்துக்கொண்டு ஒரு வாய் திறந்திருக்கும். உள்நாக்கு, பல் இடுக்கு, கடைவாயில் வழியும் எச்சில், எல்லாம் தெரியும்.

அவன் அப்படி வரைந்ததற்குக் காரணம் உண்டு. மெல்டர்கெம் ஊருக்குப் பின்னால் இருக்கிற கிராயன்பெர்க் மேட்டில், மாதா சிலைக் குகையான கெபி இருக்கிற வளைவில், மடக்கு நாற்காலி போட்டுப் பத்தொன்பது வயதிலிருந்து உட்கார்ந்து வந்தவன் அவன். அந்த வளைவில் சாலை சுவர் மாதிரி எழும்பும். வாயை மூடிக்கொண்டு அங்கே சைக்கிள் மிதித்தவன் இதுவரை பிறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தொப்பைக்காரர்களும் சரி, தொழில்முறை வீரர்களும் சரி, அவனைக் கடக்கும்போது வாய் பிளந்தபடிதான் கடந்தார்கள்.

லீவன் டவுன் சின்ட்ரோமோடு பிறந்தவன். நாலு வயதில் இதயத்தில் அறுவை சிகிச்சை. எழுத்து கூட்டிப் படிக்கப் பதினொரு வயது ஆயிற்று. இன்றைக்கும் J என்ற எழுத்தைத் திருப்பித்தான் போடுவான். அம்மா இறந்த பிறகு அக்கா மார்லேனோடு இருக்கிறான். அவள் அரசு பஸ் ஓட்டுகிறவள், அவனைவிட ஆறு வயது மூத்தவள். காலையில் தனியாக பஸ் ஏறி ஔடநார்டில் இருக்கிற பட்டறைக்குப் போய், திருகாணிகளை எட்டு எட்டாக உறையில் போட்டு ஒட்டுவது அவன் வேலை. ஏழு போட்டதில்லை, ஒன்பது போட்டதில்லை.

வரைய ஆரம்பித்தது இருபத்தேழு வயதில். ஊர் சைக்கிள் கடைக்காரர் வாசலில் போட்டிருந்த பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை இழுத்து வந்தான். சமையலறைச் சுவருக்கு அடித்து மிச்சமிருந்த பச்சைப் பெயிண்டைத் திறந்தான். மார்லேன் வேலை முடிந்து வந்தபோது கார் கொட்டகையில் ஒரு பச்சை மனிதன் அலறிக்கொண்டிருந்தான். லீவன் அவனுக்குப் பக்கத்தில் முழங்கை வரை பச்சையாக நின்றான்.

"யாருடா இது?"

"கசாப்புக் கடைக்காரர். மேடு ஏறுறார்."

கசாப்புக் கடைக்காரர்தான். சந்தேகமே இல்லை. அதுதான் மார்லேனுக்கு ஆச்சரியம்.

ஒருமுறை பட்டறையில் ஓவிய வகுப்பு நடத்தினார்கள். கிண்ணத்தில் ஆப்பிள் வைத்து வரையச் சொன்னார் ஆசிரியை. லீவன் ஆப்பிளைக் கடிக்கிற வாயை வரைந்தான். நன்றாக உற்றுப் பார்த்து வரையும்படி அவர் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து அவன் போகவில்லை. "ஆப்பிளை யாரும் பாக்கறதுக்கு வாங்கறதில்ல," என்று அக்காவிடம் சொன்னான். அதோடு அவனுடைய கலைப்படிப்பு முடிந்தது.

சர்ச்சின் பங்குத் திருவிழாவில் ஒரு வருடம் அவனுடைய ஆறு படங்களை விற்பனைக்கு வைத்தார்கள். ஆறும் அரை மணியில் போய்விட்டன. "பாவம், எவ்வளவு முயற்சி பண்ணியிருக்கான்" என்று வாங்கியவர்கள் பேசிக்கொண்டது மார்லேன் காதில் விழுந்தது. லீவன் காதிலும் விழுந்தது; அவனுக்கு யாரும் நினைப்பதைவிடக் கூர்மையான காது. மூன்று மாதம் கழித்து, அதில் ஒரு படம் ஒரு வீட்டுக் கொல்லையில் விறகு அடுக்கின்மேல் மழைக்கு மூடியாகக் கிடந்ததை இருவரும் பார்த்தார்கள். மார்லேனுக்கு முகம் சிவந்துவிட்டது. லீவன் வேலி வழியாகக் கையை விட்டு விறகைத் தொட்டுப் பார்த்தான்.

"நனையல," என்றான் திருப்தியாக. "நல்ல பெயிண்ட்."

அன்றிலிருந்து மார்லேன் அவன் படங்களை வெளியே காட்டுவதை நிறுத்திவிட்டாள். கொட்டகையில் அட்டைகள் கூரை வரை ஏறின.

அவனுக்கு நாற்பத்தொரு வயது நடந்த வசந்தத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. பெண்களுக்கான பெரிய பந்தயம் ஒன்று அந்த வருடம் கிராயன்பெர்க் வழியாகப் போகிறது. அதில் ஓட்டப்போகிறவர்களில் ஒருத்தி யுட்டா, மெல்டர்கெம் ரொட்டிக்கடைக்காரரின் மகள். இருபத்துநாலு வயது. அணித் தலைவிக்குத் தண்ணீர் புட்டி சுமப்பது, காற்றுக்கு மறைப்பாக முன்னால் ஓட்டுவது, இதுதான் அவளுடைய வேலை. தொலைக்காட்சியில் அவள் பெயரை யாரும் அதிகம் சொன்னதில்லை. ஆனாலும் ஊருக்கு அவள்தான் ராணி. ஒரு வாரம் முழுக்க ரொட்டிக்கடையில் வேறு பேச்சு இல்லை. எண்பது வயதுக்காரர்கள்கூட ஜன்னலில் கொடி கட்டினார்கள்.

ரசிகர் மன்றத் தலைவர் ரொஹீர் கஃபேயில் கூட்டம் போட்டார். அவர் கூரை வேய்கிற தொழில் செய்பவர்; ஓட்டின்மேல் நின்று தெருவில் இருக்கிறவனோடு பேசிப் பழகியதால் அவருக்கு மெதுவாகப் பேச வராது. மேட்டுச் சாலையில் முந்நூறு மீட்டருக்கு வண்ணம் தீட்ட நகராட்சி அனுமதி கொடுத்திருந்தது. தண்ணீரில் கரையும் சுண்ணாம்பு வண்ணம் மட்டும்தான் பயன்படுத்தலாம்.

"யுட்டான்னு அஞ்சு எழுத்து, J-U-T-T-A. ஒவ்வொண்ணும் பஸ் நீளம். ஹெலிகாப்டர்லேர்ந்து பாத்தா பளிச்சுனு தெரியணும்," என்றார் ரொஹீர். பிறகு மார்லேனைப் பார்த்து, "உன் தம்பியையும் கூட்டிட்டு வா. எழுத்துக்குள்ள அவன் பெயிண்ட் அடிக்கட்டும். அவனுக்கும் சந்தோஷமா இருக்கும்."

லீவன் பக்கத்திலேயே உட்கார்ந்து எலுமிச்சைச் சோடா குடித்துக்கொண்டிருந்தான்.

"நான் இங்கதான் இருக்கேன், ரொஹீர்," என்றான்.

"தெரியுது."

"என்கிட்ட கேளு."

ரொஹீர் தொண்டையைச் செருமினார். "சரி லீவன். எழுத்துக்குள்ள அடிக்கிறியா?"

"மாட்டேன்," என்றான் லீவன். மிச்சச் சோடாவைக் குடித்தான்.

வியாழக்கிழமை யுட்டா மேட்டைப் பழகிப் பார்க்க வந்தாள். மூன்று முறை ஏறினாள். மூன்றாவது முறை மாதா கெபியருகே நிறுத்தி, கைப்பிடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். லீவன் நாற்காலியில் இருந்தான். சின்ன வயதிலிருந்து அவன் அந்த இடத்தில் இருப்பதைப் பார்த்தவள். அவளுக்கு அவன் மைல்கல் மாதிரி.

"உன் வாய் நல்லா இருந்துச்சு," என்றான் அவன்.

"கொன்னுடுச்சு லீவன் இந்த இடம். கால்கூடப் பரவாயில்ல. கண்ணை எங்க வெக்கிறதுன்னுதான் தெரியல. மேல பாத்தா இன்னும் எவ்ளோன்னு பயம் வருது. அதனால தாரையே பாத்துட்டு வரேன். தார்ல என்ன இருக்கு? ஒண்ணுமே இல்ல."

"கொடி பாக்க மாட்டியா?"

"கொடியாவது ஒண்ணாவது. முன்சக்கரத்துக்கு முன்னால ரெண்டு மீட்டர். என் உலகமே அவ்ளோதான்."

அவள் போன பிறகு லீவன் எழுந்தான். சாலை நடுவில் போய் நின்று குனிந்து பார்த்தான். அப்புறம் முழங்கால் போட்டான். அப்புறம் தாடை தரையில் படப் படுத்தே விட்டான். பின்னால் வந்த டிராக்டர்க்காரர் நிறுத்திவிட்டு இறங்கி ஓடிவந்தார்.

"என்னாச்சு, விழுந்துட்டியா?"

"பாக்கறேன்," என்றான் லீவன். எழுந்திருக்கவில்லை. உடம்பு முழுக்க ஒரு துள்ளல் ஓடியது. இருபத்திரண்டு வருடமாகச் சாலை ஓரத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். சாலையையே அட்டையாக அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

வீட்டுக்கு ஓடினான். அவன் ஓடி மார்லேன் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. "வாய்," என்றான் மூச்சிரைக்க. "தார்ல வாய். முதல்ல மூடின வாய். அப்புறம் கொஞ்சம் தொறந்தது. அப்புறம் பெருசு, பெருசு, பெருசு. அவ மேல ஏறிட்டே போவா. ஒண்ணு முடிஞ்சா ஒண்ணு."

"எத்தனை?"

விரல்களைப் பார்த்தான். "பதினொண்ணு."

மார்லேன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். விறகு அடுக்கு அவள் கண்முன் வந்தது. "லீவன், அது டிவியில வரும்டா. நாடே பாக்கும். யாராவது சிரிச்சா?"

"சிரிக்கட்டும். வாயைத் தொறந்துதானே சிரிப்பாங்க?"

மார்லேன் ஈரக் கையைத் துடைத்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு அவனோடு கஃபேக்கு நடந்தாள்.

ரொஹீர் முதலில் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு யோசித்தார். கெபிக்கு மேலே சாலையின் இருபுறமும் பீச் மரங்கள் கவிந்திருந்தன. ஹெலிகாப்டர் கேமராவுக்கு அங்கே ஒன்றுமே தெரியாது. அந்த இடம் அவருக்கு எப்படியும் பயன்படாது. "கீழ என் எழுத்து. கெபிக்கு மேல உன் வாய். சந்தோஷமா?"

"மரம் நல்லது," என்றான் லீவன். "நிழல்ல சிவப்பு நல்லா தெரியும்."

பந்தயத்துக்கு முந்தின நாளான சனிக்கிழமை, காலை எட்டு மணிக்கே இறங்கிவிட்டான். விளக்குமாற்றுக் கழியின் நுனியில் சாக்கட்டி கட்டி முதல் வாயை வரைந்தான். மார்லேனைச் சைக்கிள் கொண்டுவரச் சொல்லி, அதில் ஏறி உட்கார்ந்து, அவளைத் தள்ளச் சொன்னான். இருக்கையிலிருந்து பார்த்தால் வட்டமான வாய் நசுங்கி வெறும் கோடாகத் தெரிந்தது. "ஐயே," என்றான். இறங்கி அழித்தான். இரண்டு மடங்கு நீளமாக வரைந்தான். மறுபடி ஏறினான். இன்னும் நசுங்கல். மூன்று மடங்கு. நாலாவது தடவை மார்லேன் வியர்த்து ஊற்ற மேட்டில் தள்ளிக்கொண்டு போனபோது, அவன் கைப்பிடியில் தட்டினான்.

"வந்துடுச்சு. அக்கா, வந்துடுச்சு. பாரு, கடிக்க வருது."

பக்கவாட்டில் நின்று பார்த்தால் படகு மாதிரி இருந்தது. சைக்கிள் உயரத்திலிருந்து பார்த்தால் வாய். யாரும் சொல்லித்தராமல் நாலு தடவை ஏறி இறங்கி அவன் கண்டுபிடித்தது அது.

மாலை ஐந்து மணிக்கு ஏழு வாய்கள் முடிந்திருந்தன. அப்போது வானம் திறந்தது. முதலில் பெரிய துளிகள், அப்புறம் கொட்டோ கொட்டு. உதடுகள் வழிந்தன, பற்கள் பால் மாதிரி ஓடின, ஏழு வாய்ச் சிவப்பும் சேர்ந்து மேட்டில் இறங்கி நேராக ரொஹீரின் எழுத்துகளுக்குள் புகுந்தது. ஐந்து வெள்ளை எழுத்துகளும் இளஞ்சிவப்பாகி, பிறகு ஒன்றுமில்லாமல் ஆயின. ரொஹீர் மழையில் நின்று பேசாமல் பார்த்தார். அவர் பேசாமல் இருந்ததை ஊர் அன்றுதான் பார்த்தது.

லீவன் வீட்டுக்கு வந்து, நனைந்த உடுப்போடு காலி குளியல் தொட்டியில் உட்கார்ந்துகொண்டான். சாப்பிட மாட்டேன் என்றான். ஒரு பூட்ஸைக் கழற்றிக் கதவில் எறிந்தான். மார்லேன் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து அவன் முதுகைத் துடைத்தாள். "நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள். "நான் பாத்தேன்ல."

"யுட்டா பாக்கல," என்றான்.

ஞாயிறு விடியலில் மார்லேன் கண் திறந்தபோது கட்டில் பக்கத்தில் லீவன் ரப்பர் பூட்ஸோடு நின்றான். "மழை நின்னுடுச்சு. எந்திரி."

மேட்டில் ஏற்கெனவே ஒரு வண்டி நின்றது. ரொஹீர், கூரையில் தார்த்தாள் ஒட்டுகிற எரிவாயுத் தீக்குழலை வைத்துச் சாலையைக் காய வைத்துக்கொண்டிருந்தார். நீல ஜுவாலை சீறியது, தாரிலிருந்து ஆவி எழும்பியது. அவருக்குப் பின்னால் மன்றத்து ஆட்கள் பதினைந்து பேர், வாளியும் உருளைத் தூரிகையுமாக.

"உன் எழுத்து?" என்று கேட்டான் லீவன்.

"பதினொன்றரைக்கு போலீஸ் ரோட்டை அடைச்சுடும். ரெண்டுக்கும் நேரமில்ல," என்றார் ரொஹீர் தீக்குழலை அணைக்காமல். "நேத்து நான் உன் வாய் மேல சைக்கிள்ல ஏறிப் பாத்தேன். அப்புறம் என் எழுத்து மேல ஏறிப் பாத்தேன். எழுத்து ஒண்ணும் பண்ணல எனக்கு. நீ சொல்லு, என்ன செய்யணும்."

லீவனுக்குக் காது வரை சிவந்தது. கழியை எடுத்தான். அவன் கோடு போட்டுக்கொண்டே மேலே நகர, பதினைந்து பேரும் பின்னால் நிரப்பிக்கொண்டே வந்தார்கள். நாக்குக்கு எந்தச் சிவப்பு, உதட்டுக்கு எந்தச் சிவப்பு என்று திரும்பிப் பார்த்துக் கத்தினான். மூன்றாவது வாயில் ரொஹீரின் உருளை கோட்டைத் தாண்டியது.

"ரொஹீர். வெளில போயிட்ட."

"ஒரு விரக்கடைதானேப்பா."

"தொடை."

கூரைக்காரர் மண்டி போட்டுத் துடைத்தார். சுற்றி நின்றவர்கள் அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் சூடாகப் பாலாடைப் பணியாரங்கள் கொண்டுவந்தார். வண்ணம் படிந்த கையோடு தின்றார்கள். யாருக்கும் களைப்புத் தெரியவில்லை. எட்டாவது வாய் அலறியது. ஒன்பதாவது பல்லைக் கடித்தது. பத்தாவது வெறும் கறுப்புப் பள்ளம், பல்கூட இல்லை.

போலீஸ்கார அம்மாள் விசில் ஊதியபோது பதினொன்றாவதற்குக் கோடுகூடப் போடவில்லை.

"அஞ்சு நிமிஷம்," என்றான் லீவன்.

"விளம்பர வண்டியெல்லாம் வருதுங்க."

"அஞ்சு நிமிஷம் எங்கிட்ட இருக்கு. உங்ககிட்ட இல்லியா?"

அந்த அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், பத்தாவது வாயின் கறுப்பைப் பார்த்தார். திரும்பி நின்றுகொண்டார். லீவன் யாரையும் கூப்பிடவில்லை. மேட்டின் உச்சியில், கோடு போடாமல், நேரே வண்ணத்தால் கடைசி வாயைப் போட்டான். மேட்டுக்கு அழகு காட்டுகிற வாய். நாக்கு மட்டும் மூன்று மீட்டர்.

மூன்று மணிக்கு மேட்டில் நிற்க இடமில்லை. யார் கையிலோ இருந்த வானொலி, முன்னால் ஐந்து பேர் தனியாகப் பிரிந்துவிட்டதாகச் சொன்னது. அதில் யுட்டா இருந்தாள். ரொட்டிக்கடைக்காரர் தொப்பியைக் கழற்றி மடித்து வாயில் வைத்துக் கடித்தார். மார்லேன் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கீழே மோட்டார் சைக்கிள்களின் ஊதல். கூட்டத்தின் இரைச்சல் மேட்டில் ஏறி வந்தது, அலை மாதிரி.

கெபி வளைவில் யுட்டா நாலாவதாக இருந்தாள். தலை தொங்கியிருந்தது. முதல் வாய், இரண்டாவது வாய். ஐந்தாவதில் மூன்றாவது ஆளைக் கடந்தாள். எட்டாவதில் இன்னொருத்தியின் சக்கரம் தள்ளாடியது. யுட்டா அவளைச் சுற்றிக்கொண்டு போனாள். சுற்றி எல்லாரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். லீவன் மட்டும் கத்தவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பதில் அவள் பல் தெரிந்தது. பத்தில் அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. உச்சியில், அந்தப் பெரிய நாக்கின்மேல் ஏறியபோது, யுட்டா நாக்கை நீட்டினாள்.

"காட்டிட்டா," என்றான் லீவன். உட்கார்ந்துவிட்டான்.

பந்தயத்தை அவள் ஜெயிக்கவில்லை. முடிவுக்கு ஒன்பது கிலோமீட்டர் இருக்கும்போது பின்னால் வந்த கூட்டம் பிடித்துவிட்டது. ஆறாவது வந்தாள். அதுவே அவள் வாழ்க்கையில் பெரியது. ஹெலிகாப்டருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவள் பின்னாலேயே வந்த மோட்டார் சைக்கிள் கேமராவுக்குப் பதினொன்றும் தெரிந்தன.

மறுநாள் கொட்டகைக்கு வந்த யுட்டா வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். "வலி மறந்துடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். வலிச்சு உயிர் போச்சு. ஆனா அடுத்தது என்னன்னு பாக்கணும் போல இருந்துச்சு. பாக்கணும்னா அங்க போய்த்தானே ஆகணும்?"

லீவன் அதைப் பற்றி யோசித்தான். "ஆமா," என்றான். "மூணாவதுல ரொஹீர் கொஞ்சம் சொதப்பிட்டான். மன்னிச்சுக்கோ."

அதற்குப் பிறகு கெண்ட் நகரத்திலிருந்து ஒரு காட்சிக்கூடக்காரி வந்து, கொட்டகையில் நாலு மணி நேரம் அட்டை அட்டையாகப் பார்த்து, பன்னிரண்டைக் கண்காட்சிக்குக் கேட்டு எடுத்துப் போனாள். பாவம் என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. மார்லேன் காத்திருந்து பார்த்தாள். திறப்பு விழாவில் லீவன் புதுச் சட்டையோடு சுற்றி வந்துவிட்டு, "எல்லாம் வாயை மூடிட்டுப் பாக்கறாங்க," என்று வருத்தப்பட்டான். ஆனால் காட்மியம் சிவப்பு என்று எண்ணெய் வண்ணம் ஒன்று இருப்பதை அங்கே ஒரு ஓவியரிடம் தெரிந்துகொண்டு வந்து, மூன்று நாள் அதையே பேசினான். பட்டறைக்கு இப்போதும் போகிறான். திருகாணி எட்டு எட்டுதான்.

இந்த வருடம் ஜூனில் நகராட்சியிலிருந்து அவன் பெயருக்கே கடிதம் வந்தது. கிராயன்பெர்க் சாலைக்கு முழுக்கப் புதுத் தார் போடப்போகிறார்கள். அறிந்துகொள்ள விரும்புவீர்கள் என்று நினைத்தோம் என்று எழுதியிருந்தது. தார் போடுகிற அன்று லீவன் வேலைக்கு விடுப்பு எடுத்தான். உருளை வண்டி போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஒரு ஒட்டு இல்லாமல், ஒரு விரிசல் இல்லாமல், கன்னங்கரேலென்று புதுச் சாலை நீண்டது. அவன் பூட்ஸைக் கழற்றினான், காலுறையைக் கழற்றினான், ஒரு பாதத்தை ஓரத்தில் வைத்தான்.

"யோவ், சுடும்யா. தள்ளு," என்று மேஸ்திரி கத்தினார்.

"எப்போ காயும்?" என்றான் லீவன். காலை எடுக்கவில்லை.